முழுப் பேர் பதிமூன்று

கொழும்பில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்பிய மூன்றாம் நாள் சுலக்ஷனாவின் போனுக்கு ஒரு படிவம் வந்தது. 'சோதனைப் பணி' என்று அதற்குத் தலைப்பிட்டிருந்தார்கள். கள இணைப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்தவர் தமது தோட்டத்தில் இருபது வீடுகளுக்குப் போகவேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் நாற்பத்தாறு கேள்விகளைக் கேட்டு, விடைகளைப் பதிந்து, பத்து நாட்களுக்குள் அனுப்பவேண்டும். கேள்விகளில் திருத்தம் தோன்றினால் அதையும் எழுதலாம். திறமையாகச் செய்தவர்கள் ஹட்டனில் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படுவார்கள். அந்த உழைப்புக்கு என்ன கிடைக்கும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அவளும் தேடிப் பார்க்கவில்லை.

உடனே கிஷாந்தை அழைத்தாள். அவளுடைய கணவன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் மூன்று வருடமாக வேலை செய்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவான்.

"நாப்பத்தாறு கேள்விங்க" என்றாள்.

"அதுக்கென்ன? கல்யாணத்துக்கு முன்னாடி என்னைய நீ அதுக்கு மேல கேட்டியே சுலோ. நான் பாஸாகலையா?"

"வெளையாடாதீங்க. இது கெடைச்சா நீங்க வந்துரலாம்."

"செய்யி. நல்லா செய்யி" என்றான் அவன். விளையாட்டு குரலிலிருந்து போய்விட்டிருந்தது.

இருவருக்கும் அது பழைய கணக்கு. ஹட்டனிலும் ஹார்ட்வெயார் கடைகள் உண்டு. சம்பளம்தான் பாதி. அவளுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று வந்துவிட்டால், அவன் அந்தப் பாதிக்கு நிற்கலாம். மூன்று வயது மகளுடன் மூவரும் ஒரே இடத்தில் இருக்கலாம். ஹட்டனில் செரீபா என்ற அம்மாவின் துணிக்கடைக்கு மேலே ஓர் அறையைக்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள். "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் காட்டமாட்டேன் மகள்" என்று செரீபா சொல்லியிருந்தார்.

சுலக்ஷனா பட்டதாரி. வேலைக்குப் போய்க்கொண்டே படித்து, கர்ப்பமாக இருந்தபோது கடைசிப் பரீட்சை எழுதியவள். ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்து இரண்டு வருடம் போயிருந்தது. அவள் தோட்டத்தில் அந்தப் பட்டம் பெற்ற பெண்கள் இரண்டு பேர். மற்றவள் கல்யாணம் செய்துகொண்டு கண்டிக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாளே ஆரம்பித்தாள். பகலில் லயங்களின் வரிசை வீடுகளில் ஆள் இருக்காது. பெண்கள் மலையிலிருந்து இறங்கி வர ஐந்து மணியாகிவிடும். கிஷாந்தின் தங்கை கிருஷாந்தி அதே வீட்டில் இருந்தாள். அவளும் கொழுந்து எடுப்பவள்தான். வேலை முடிந்து வந்ததும் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணியோடு வீடு வீடாக வந்தாள்.

"வாங்க வாங்க, கவர்மென்டு ஆளுங்க வந்திருக்காங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் அவள்தான் முதலில் குரல் கொடுப்பாள்.

முதல் வீடு சிவனம்மாவுடையது. மழையில் நனைந்த கொழுந்துப் பையை உதறிக் காயப்போட்டுவிட்டு, தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தபடி சிவனம்மா வாசலில் உட்கார்ந்தாள். சுலக்ஷனா படிவத்தில் இருந்ததை அப்படியே வாசித்தாள்.

"முழுப் பேரு சொல்லுங்கக்கா."

"பதிமூணு."

சுலக்ஷனாவின் விரல் போனுக்கு மேலே நின்றது. "என்னாக்கா?"

"முழுப் பேரு பதிமூணு. அரைப் பேரு ஏழு. இந்த மழைல கிலோ எங்க வருது? சொன்ன கிலோவ எடுத்தாத்தான் முழுப் பேரு. ஒரு கிலோ கொறைஞ்சாலும் அரைதான். நான் பொய்யா சொல்றேன்? பேரு போடுற கண்டாக்கையாகிட்ட வேணா கேட்டுப் பாரு."

கிருஷாந்தி சிரிப்பை அடக்க முடியாமல் குழந்தையின் தோளில் முகத்தைப் புதைத்தாள். "அண்ணி, கொழும்புல அக்காவுக்குப் பதிமூணுன்னு பேரு வச்சிரப் போறாங்க!"

அப்போதுதான் சிவனம்மாவுக்கு விளங்கியது. "ஐயையோ, அந்தப் பேரா? அதுக்கென்ன, எங்கப்பன் வச்ச பேர விட அது நல்லாத்தான் இருக்கு" என்றாள். பக்கத்து வாசல்களில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

சுலக்ஷனாவும் சிரித்தாள். ஆனால் உள்ளே சுருக்கென்றது. தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்கு 'பேர்' என்றுதான் பெயர். அவளுடைய அம்மா இருபத்தேழு வருடம் அந்தப் பேருக்காக மலை ஏறியவள். அப்படியிருந்தும் படிவத்தைக் கையில் எடுத்தவுடன் அவளுக்கு அது மறந்துபோயிருந்தது. அன்றைக்கே திருத்தம் எழுதும் பகுதியில் எழுதினாள்: 'முழுப் பெயர் என்று கேட்டால் தோட்டத்து மக்கள் முழுநாள் கணக்கைச் சொல்வார்கள். அடையாள அட்டையில் உள்ள பெயர் என்று கேட்கவும். சென்ற மாதம் முழுப் பேர் எத்தனை, அரைப் பேர் எத்தனை என்று தனிக் கேள்வியும் சேர்க்கவேண்டும். கூலியைப் பற்றி வேறு எந்தக் கேள்வியும் உண்மையைச் சொல்லாது.'

ஒன்பது நாள் எடுத்தது. சிலர் சந்தேகப்பட்டார்கள். "வீடு கட்டித் தரப் போறாங்களா?" என்று கேட்டார்கள். இல்லை, எனக்கு வேலை கிடைப்பதற்காகத்தான் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். "அப்படின்னா எழுதிக்க" என்று அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி புருஷனின் குடியைச் சொன்னாள். ஒருத்தி, ஒரு நாளைக்கு இரண்டு வேளைதான் அடுப்பு எரிகிறது என்றாள். பக்கத்து லயத்துக்குத் தெரியாததெல்லாம் அவளுடைய போனுக்குள் வந்து சேர்ந்தது.

சிவனம்மாவும் ஒன்று சொன்னாள். வீட்டில் யாராவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டார்களா என்ற கேள்விக்கு முதலில் இல்லை என்றவள், மறுநாள் குழாயடியில் சுலக்ஷனாவைத் தனியாக நிறுத்தினாள்.

"சின்னவ பெரியம்மா வீட்டுல படிக்கிறான்னு எல்லாருக்கும் சொல்லியிருக்கேன்ல. படிக்கல. கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்கு நிக்கிறா. பதினாலு வயசுல விட்டேன்."

"இத நான் எழுதலக்கா."

"எழுதாட்டி தப்பாயிருமா?"

"கொஞ்சம் கொறையும். பரவாயில்ல."

சிவனம்மா நிரம்பி வழிந்த குடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எழுது" என்றாள் பிறகு. "கொறைய வேணாம். ஒனக்கு வேலை கெடைக்கணும்ல."

அனுப்பி ஒரு மாதத்துக்கு மேல் பதில் இல்லை. இரண்டு முறை கேட்டு எழுதினாள். 'உங்கள் பணி பரிசீலனையில் உள்ளது' என்று இரண்டு முறையும் ஒரே வசனம் வந்தது. கிஷாந்த் ஒவ்வொரு நாளும் கேட்டான். பிறகு கேட்பதை நிறுத்தி, சாப்பாட்டைப் பற்றி மட்டும் விசாரித்தான். அவன் கேட்காமல் இருப்பதே அவளுக்குப் பாரமாக இருந்தது.

அழைப்பு வந்தபோது மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. அன்றைக்கே கிஷாந்த் முதலாளியிடம் போய், மாதக் கடைசியோடு நிற்கப்போவதாகச் சொல்லிவிட்டான்.

"அவசரப்பட்டுட்டீங்களே" என்றாள் அவள்.

"நேர்முகத்துக்குக் கூப்புட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. நீ செஞ்சத விட யாரு நல்லா செஞ்சிருக்கப் போறா?"

*

ஹட்டனில் அந்த அலுவலகம் 'பாமசி' என்று பலகை மாட்டிய ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. காலை ஒன்பதரைக்கு சுலக்ஷனா படியேறியபோது ஒரு பெண் ஏற்கனவே வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பர்தாவின் ஓரத்தில் மழைத் துளிகள் இன்னும் உலரவில்லை. சிரித்து, கைப்பையை மடியில் எடுத்து இடம் விட்டாள். பெயர் றுமைஸா. பூண்டுலோயாவில் அவளுடைய வாப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை.

"விடியக் காலம்பற பஸ் ஏறினது. எனக்குப் பசி, பயம் ரெண்டும் ஒண்டா இரிக்கி" என்றாள். ஒரு பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்து நீட்டினாள்.

"நீங்களும் இருபது வீடு போனீங்களா?" என்று சுலக்ஷனா கேட்டாள்.

"போகாம? வாப்பா ஏசின ஏச்சு. 'கடன் கேக்கப் போறவன்கூட இப்பிடி லயம் லயமா அலைய மாட்டான்' எண்டார். தம்பியத் துணைக்கி வச்சிக்கிட்டு முடிச்சிட்டன்." றுமைஸா போனை எடுத்தாள். "ஆனா கேள்வியெல்லாம் நல்ல கேள்வி. இந்தா பாருங்க, இது எனக்கு சரியாப் புடிச்சது. எங்கட கடைக்கு வார ஆக்கள் இப்பிடித்தான் பேசுற. யாரோ தோட்டத்து ஆள்தான் எழுதியிருக்கோணும்."

சுலக்ஷனா குனிந்து பார்த்தாள்.

முதல் கேள்வி: அடையாள அட்டையில் உள்ள பெயர். இருபத்திரண்டாவது: சென்ற மாதம் முழுப் பேர் எத்தனை, அரைப் பேர் எத்தனை. அவள் எழுதிய அதே சொற்கள். ஒரு கால்புள்ளிகூட மாறவில்லை.

"ஒங்களுக்கு இது எப்ப வந்துச்சு?"

"மூணு கிழமைக்கி முந்தி."

மூன்று வாரத்துக்கு முன்பு என்றால், தன்னுடைய பணி பரிசீலனையில் இருப்பதாக அவளுக்குச் சொன்ன அதே நாட்கள். சுலக்ஷனா கையிலிருந்த பிஸ்கட்டை முழுவதும் தின்று முடித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் எத்தனை பேரோ; எட்டுப் பேருக்கு இப்படி எட்டுத் தோட்டம் கொடுத்தாலே நூற்றறுபது வீடு. இது பரீட்சை அல்ல. அவர்களுடைய வேலையே இதுதான்.

உள்ளே இருந்து அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் மயூரதன். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதுக்குள் இருக்கும். கண்களில் தூக்கமில்லாத களைப்பு. எழுந்து நின்று வரவேற்றார்.

"இருங்கோ பிள்ளை. தேத்தண்ணி குடிச்சனீங்களே?"

"குடிச்சேன் சேர்."

"நான் சுத்தி வளைக்கேல்லை. உங்கட வேலைதான் எல்லாத்திலயும் நல்ல வேலை. இந்த முழுப்பேர், அரைப்பேர் விசயம் இருக்கெல்லே, அதை நாங்கள் இத்தனை வருசமாத் தவற விட்டிட்டம். கொழும்பில எல்லாரும் பாராட்டினவை."

"எழுதினது யாருன்னு சொன்னீங்களா சேர்?"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடியும் மாட்டினார். "அறிக்கை எண்டு போகேக்க தனி ஆக்களின்ர பேர் போறதில்லை, பிள்ளை. ஆனா அதுக்காகத்தான் இந்த இடம் உங்களுக்கு. முதலாம் திகதி வேலைக்கு வாங்கோ."

அவ்வளவுதான். வேலை கிடைத்துவிட்டது. செரீபாவின் கடைக்கு மேலிருந்த அறையின் ஜன்னல் அவள் கண்முன் வந்தது. கிஷாந்த் சட்டையைக் கொடியில் போடுவதுபோலவும் குழந்தை அவன் காலைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோலவும் ஒரு கணம் தோன்றியது. நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

"முதல் வேலை உடப்புசல்லாவைப் பக்கம்" என்று மயூரதன் தொடர்ந்தார். "அங்க முந்நூறு வீடு எடுக்கவேணும். நாளைக்கு விளம்பரம் போடுவம். கள இணைப்பாளர் வேணும் எண்டு. விண்ணப்பிக்கிற ஆக்களுக்கு இருபது இருபது வீடா நீங்கள் பிரிச்சுக் குடுக்கவேணும்."

"அங்க எத்தனை பேருக்கு வேலை சேர்?"

"அங்க இடமொண்டும் இல்லை. இருந்தது ஒண்டு. அது உங்களுக்கு."

"அப்ப வெளிய இருக்கவங்க?"

"கூப்பிட்டாச்சு. கதைச்சு அனுப்புவம். பேந்து ஒரு இடம் வந்தாப் பாப்பம்." அவர் மேசையில் கிடந்த ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். விளம்பரத்தின் மாதிரி அது. "இதில உங்கட பேரும் நம்பரும் போகட்டும். எங்கட நம்பருக்கு எடுக்கத் தோட்டத்துப் பிள்ளையள் யோசிக்கினம். உங்களை நம்புவினம்."

தாளின் அடியில் 'தொடர்புக்கு' என்று எழுதி இடம் விட்டிருந்தது.

"சேர், வேலை இருக்குன்னு போடாம, ஆய்வுக்கு ஒதவி வேணும்னு போடலாமே. செய்யிறவங்களுக்கு ஏதாவது குடுக்கலாமே."

"காசு இருந்தாக் குடுக்க மாட்டமே? மேலிடம் தந்த காசு உங்கட சம்பளத்தோட முடிஞ்சுது. எனக்கு இதில விருப்பம் எண்டு நினைக்காதேங்கோ." அவர் பொய் சொல்வதுபோல அவளுக்குத் தோன்றவில்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வரட்டுமா?"

"ஓம், ஓம். மூண்டு மணிக்கு முந்திச் சொல்லுங்கோ."

*

கீழே பாமசியின் ஓரமாக நின்று கிஷாந்தை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"கெடைச்சிருச்சா?"

"கெடைச்சிருச்சு."

அவன் கடைக்குள்ளேயே சத்தம் போட்டான். யாரோ கை தட்டுவது கேட்டது.

"சத்தம் போடாதீங்க. மொத நான் சொல்றதக் கேளுங்க."

சொன்னாள். இரும்புக் கம்பிகள் உரசும் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"மூணு மாசம் கண்ண மூடிக்கிட்டு இரு சுலோ" என்றான் கடைசியில். "நான் வந்து ஒரு எடத்துல நிக்கிற வரைக்கும். அப்புறம் விட்டுரு."

"எம் பேரப் போட்டு வேலை இருக்குன்னு சொல்லணும். இல்லாத வேலைய."

"ஒலகத்துல எல்லாவனும் இதத்தான் செய்யிறான்."

"தெரியும்."

"பாப்பா என்னைய போன்லதான் அப்பாங்குது. நேர்ல வந்தா கதவுக்குப் பின்னால ஒளியுது. அது ஒனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அதைப் பார்ப்பவள் அவள்தான்.

"நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். ஆளுங்க நிக்கிறாங்க" என்று அவன் வைத்துவிட்டான். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவன் அப்படி வைத்தது அதுதான் முதல் தடவை.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தாள். முந்நூறு வீடு என்றால் பதினைந்து பேர். அவளைப் போல, போனை எடுத்ததும் முதலில் கணவனுக்கோ அம்மாவுக்கோ சொல்லப்போகும் பதினைந்து பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு சிவனம்மா இருப்பாள். அந்தப் பதினைந்து பேரும் ஒரு மாதம் கழித்து அவளுக்கே எழுதிக் கேட்பார்கள். 'உங்கள் பணி பரிசீலனையில் உள்ளது' என்று அவள் எழுதவேண்டும்.

திரும்பி வந்தபோது றுமைஸா படியிறங்கிக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"நல்ல மனிசன். நல்லாக் கதைச்சார். அடுத்த கிழமை சொல்லுவாராம். நீங்களும் துஆ கேளுங்க எனக்கு!"

சுலக்ஷனா அவளுடைய கையைப் பிடித்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் அப்போதும் இருந்தது. "இருந்தது ஒரு வேலைதான் றுமைஸா. அத எனக்குத் தாறேன்னு காலையிலேயே சொல்லிட்டாரு."

றுமைஸா கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். "அப்ப எடுத்திட்டுப் போங்களேன். எனக்கு ஏன் செல்றீங்க?"

"ஒங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. அதான்."

"என்ட இருவது வீடு?"

"அத அவங்க எடுத்துக்கிட்டாங்க. என்னோடதையும் எடுத்துக்கிட்டாங்க. அந்த முழுப்பேர் கேள்வி நான் எழுதினது."

றுமைஸா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, வெட்கமா என்று சொல்ல முடியாத பார்வை. "வாப்பாக்கு நான் என்னத்தச் செல்ற?" என்று தனக்குத்தானே கேட்டாள். சுலக்ஷனா தன்னுடைய நம்பரைச் சொன்னாள். அவள் குறித்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. குடையை விரிக்காமலே பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள்.

மயூரதன் இரண்டு போன்களில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் ஒன்றைக் கீழே வைத்தார்.

"விளம்பரத்துல எம் பேரப் போட வேணாம் சேர். வேலைக்கும் நான் வரல."

"அவசரப்படாதேங்கோ பிள்ளை."

"அப்ப விளம்பரமே போடாதீங்க, அந்த முந்நூறு வீட்டுக்கும் நானே போறேன். எத்தனை மாசமானாலும் போறேன். யாருகிட்டயும் இல்லாத வேலைய இருக்குன்னு சொல்லச் சொல்லாதீங்க."

"ரெண்டு கிழமையில முடிக்கவேணும். நீங்கள் தனிய எப்பிடி?" அவர் தலையைக் குலுக்கினார். "நீங்கள் இல்லையெண்டா இன்னொராள் செய்யும். விளங்குதே?"

"வெளங்குது சேர். அப்ப என்னோட இருபது வீட்டையும் திருப்பிக் குடுங்க. அவங்க எனக்காகத்தான் சொன்னாங்க."

"அது ஏத்தியாச்சு. அழிக்க ஏலாது."

"ஒரு வீடு மட்டும். பதினாலு வயசுப் புள்ளையப் பத்தி அதுல ஒண்ணு இருக்கு. அத மட்டுமாவது எடுத்துருங்க."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "பேர் வெளியில வராமப் பாக்கிறன். அவ்வளவுதான் என்னால ஏலும்" என்றார். அதை அவர் செய்வார் என்றுதான் அவள் நினைத்தாள். நினைப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

*

தோட்டத்துக்குத் திரும்பியபோது பெண்கள் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கிருஷாந்தி ஓடி வந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் நடந்தாள்.

"கெடைக்கலையா அண்ணி?"

"கெடைச்சுச்சு. வேணாம்னுட்டேன்."

"பைத்தியமா ஒங்களுக்கு? ஒம்பது நாளு நான் ஒங்க மகளத் தூக்கிக்கிட்டு அலைஞ்சது தெரியுமா? எங் கை கழண்டுருச்சு" என்று கத்தினாள். காரணத்தைக் கேட்டதும் சுருதி இறங்கியது. "அண்ணன் என்னா சொன்னாரு?"

"எடுத்துக்கச் சொன்னாரு."

கிருஷாந்தி பிள்ளை மடுவத்துப் பக்கம் திரும்பி நடந்தாள்.

சிவனம்மாவிடம் மட்டும் சுலக்ஷனா தனியாகப் போய்ச் சொன்னாள். எழுதியதைத் திருப்பி வாங்க முடியவில்லை என்றாள். பெயர் வெளியில் வராது என்றும் சொன்னாள். சிவனம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். "சரி, போ" என்றாள். அதில் மன்னிப்பு இருந்ததா இல்லையா என்று கேட்க சுலக்ஷனாவுக்குத் துணிவில்லை. மூன்று நாளைக்குச் சிவனம்மா குழாயடியில் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள், "குடத்தத் தள்ளி வையி" என்றாள்.

மாதக் கடைசியில் செரீபா போனில் அழைத்தார். அறைக்கு வேறு ஆள் வந்திருப்பதாகவும், கொடுக்கவா என்றும் கேட்டார். சுலக்ஷனா கொடுக்கச் சொன்னாள்.

கிஷாந்த் அதற்கடுத்த சனிக்கிழமை வந்தான். முதலாளி அவனை விடவில்லை. "போறேன்னு சொன்னவனயெல்லாம் நான் போக விட்டேனா?" என்று சிரித்தாராம். அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. வாங்கி வந்த பால்மாவையும் குழந்தைக்கான சட்டையையும் மேசையில் வைத்தான். கூரையில் ஒழுகும் இடத்துக்குத் தகரம் அடித்தான். தங்கையோடு பேசினான். குழந்தையைச் சரிக்கட்ட நாய்போலவும் பூனைபோலவும் கத்தினான். மனைவியிடம் தேவைக்கு மட்டும் பேசினான். அவள் பரிமாறியதை மறுக்காமல் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வட்டவளை ஸ்டேஷனுக்கு மூவரும் நடந்தார்கள். ரயில் முக்கால் மணி நேரம் தாமதம் என்றார்கள். மேடையின் கடைசி வாங்கில் உட்கார்ந்தார்கள். குழந்தை தண்டவாளத்துக் கற்களை எண்ணுவதாகச் சொல்லி, ஒன்று, மூன்று, ஏழு என்று எண்ணிக்கொண்டிருந்தது.

"கோவமாத்தான் போறீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"கோவம்தான்." அவன் கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டான். "ஒம்மேல கொஞ்சம். மத்தவங்க மேல நெறைய."

"நான் எடுத்திருந்தா நீங்க இன்னிக்குப் போக வேண்டியதில்ல. அது எனக்குத் தெரியாம இல்லங்க."

தண்டவாளத்தின் அந்தப் பக்கம் ஒரு மனிதர் குடையோடு நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நகரும்வரை கிஷாந்த் காத்திருந்தான்.

"கடையில சேந்தப்போ ஒரு மாசம் நான் சும்மா வேலை பாத்தேன்" என்றான். "சம்பளம் இல்லாம. 'மொத வேலையப் பழகு, அப்புறம் பாப்போம்'னாங்க. ஒனக்கு அத நான் சொல்லல."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த மாதம் அவளுக்கு நினைவிருந்தது. அவன் பணம் அனுப்பவில்லை. கொழும்பில் முன்பணம் கட்டவேண்டியிருந்தது என்று சொல்லியிருந்தான். அவள் நம்பினாள்.

"ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு. புள்ள பொறந்த நேரம். சும்மா வேலை பாக்கிறேன்னு புருசன் எப்படிச் சொல்லுவான்?" கீழே பார்த்தபடி பேசினான். "எனக்கு முன்னாடி ஒருத்தன் அப்படி ஒரு மாசம் நின்னிருக்கான். திலக்ஷன்னு பேரு. பதுளைப் பக்கமாம். மாசம் முடிஞ்சதும், நீ சரியில்லன்னு அனுப்பிட்டாங்க. நான் போன அன்னிக்கு அவன் பையைக் கட்டிக்கிட்டு இருந்தான். நல்ல கடை தம்பி, நில்லுங்கன்னு எங்கிட்ட சொன்னான். அவன எதுக்கு அனுப்புறாங்கன்னு நான் கேக்கல. கேட்டா என்னையும் அனுப்பிருவாங்கன்னு பயம்."

அவள் அவனுடைய கையின்மேல் கை வைத்தாள். சிமெந்தும் துருவும் ஏறி, தோல் தடித்துப்போன கை. அவன் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"நீ போன வச்சதுக்கு அப்புறம்..." என்று ஆரம்பித்துத் திருத்திக்கொண்டான். "நான் வச்சதுக்கு அப்புறம், அவன் மொகம்தான் வந்துக்கிட்டே இருந்துச்சு. மூணு மாசம் கண்ண மூடிக்கன்னு ஒங்கிட்ட சொன்னேன் பாரு. நான் மூணு வருசமா மூடிக்கிட்டு இருக்கேன் சுலோ."

குழந்தை வந்து இருவருக்கும் நடுவே ஏறி உட்கார்ந்தது. இருபது கற்கள் இருப்பதாக அறிவித்தது. அவன் அதன் தலையைத் தடவினான். குழந்தை நகர்ந்துவிடவில்லை. காலை ஆட்டிக்கொண்டே அவனுடைய சட்டைப் பொத்தானைத் திருகியது.

ரயில் வந்தது. நின்றது ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்காது. அவன் குழந்தையை முத்தமிட்டு அவளிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்குள் நெருக்கி ஏறிப் படியிலேயே திரும்பி நின்றான்.

"ஊர்ப்பக்கம் வேலை தேடுறேன்னு முதலாளிகிட்ட நேராவே சொல்லிட்டு, அடுத்த மாசம் நாலு நாள் லீவு கேக்கவா?" என்று சத்தமாகக் கேட்டான். "குடுக்க மாட்டாரு. வையத்தான் போறாரு."

"கேளுங்க" என்றாள் சுலக்ஷனா.